உம்மை நீக்கிவிட்டோம்

எனக்குக் கோபம் வந்தால் கூடவே இலக்கணமும் வரும். இது என் மனைவி பொன்னி சொல்வது. விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் கூடைக்கும் மூட்டைக்கும் சீட்டு ஒட்டுகிற கோதண்டபாணிக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு போகட்டும். அவர்கள் மாமியார் வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், வரிக்கு மூன்று பிழை எடுத்துத் தருகிறேன். அப்பேர்ப்பட்ட நான் எழுதிய ஒரே ஒரு 'உம்', பாவம், ஒரு பெண்மணியின் வேஷத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கித் தருகிறேன் பேர்வழி என்று நான் அடித்த கூத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம், மாசி மாதம். எங்கள் ஊர் ரயில்வேக்காரர்கள் நடத்தும் கலை மன்றத்தில் 'கோமேதகவல்லி' நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். முப்பத்திரண்டு பாட்டு, நடுவில் கொஞ்சம் வசனம். ஒரு காலத்தில் இந்த ஜில்லாவில் சக்கைப்போடு போட்ட நாடகம் அது. பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரும் தொடவில்லை. கதை ரொம்பச் சின்னது. கோமேதகவல்லி என்கிற இளவரசி ஒரு சபதத்துக்காக வழியோரம் தண்ணீர்ப் பந்தல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிளி விற்பவன் வேஷத்தில் ஓர் இளவரசன் தாகத்தோடு வருவான். கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் தண்ணீர் என்பாள் அவள். இரண்டு பேரும் பாட்டாலேயே முக்கால் மணி நேரம் வாதாடுவார்கள். இதற்குத் தர்க்கம் என்று பெயர். மற்ற பாட்டெல்லாம் எழுதிவைத்தபடி போகும். தர்க்கத்தில் மட்டும் யார் எதைச் சேர்த்துப் பாடினாலும் எதிராளி மெட்டு விடாமல் பதில் பாடியாக வேண்டும். திணறினால் ஜனங்கள் சிரித்தே மேடையைவிட்டு இறக்கிவிடுவார்கள்.

இளவரசன் வேஷம் கட்டியவர் கண்ணையன். ஆள் சேர்த்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, வெளியூர் நாடகத்துக்குத் தேதி கொடுப்பதும் அவர்தான். கோமேதகவல்லியாக வந்தவர் காந்திமதி. ஸ்டேஷன் ரோட்டில் ஜாக்கெட் தைக்கிறவர். சின்ன வயதில் நாடக செட்டோடு ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு, கல்யாணத்தோடு மேடையை விட்டவர். எங்கள் வீட்டு ஜாக்கெட்டெல்லாம் அவர் தைத்ததுதான். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே முனகுவாரே தவிர, முழுத் தொண்டையில் பாடி இந்தத் தலைமுறை கேட்டதில்லை.

நான் நாடகத்தைக் கிழிக்க வேண்டும் என்றே போனேன், உள்ளதைச் சொல்கிறேன். பழைய நாடகத்தைப் புதுசாகப் போடுகிறேன் என்று யாராவது கிளம்பினாலே எனக்கு எரிச்சல் வரும். முதல் அரை மணி நேரம் என் எரிச்சலுக்குத் தீனி கிடைத்தது. மைக் கீச்சென்று கத்தியது. மந்திரி வசனத்தை மறந்து "ஆகவே மன்னா" என்று மூன்று தடவை சொன்னார். ஆயிரம் பேர் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற சத்தத்தில் ஆர்மோனியமே கேட்கவில்லை. அப்போது காந்திமதி பந்தலுக்குள்ளிருந்து எழுந்து முதல் வரியை எடுத்தார். மல்லாட்டைச் சத்தம் நின்றுவிட்டது. உடைத்த பருப்பை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார் என் பக்கத்து ஆள்.

அன்றைக்கு அந்தப் பாட்டுக்கு மூன்று ஒன்ஸ்மோர். டியூட்டியிலிருந்து நேரே வந்திருந்த பாயின்ட்ஸ்மேன் ஒருவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று பச்சைக் கொடியை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தர்க்கத்தில் இளவரசன் வயதைக் கேட்கும் இடம் பிரசித்தம்.

"தண்ணீர்ப் பந்தல் காக்கும் மானே – நீ
தாண்டிய ஆண்டுகள் எத்தனை மானே?"

கண்ணையன் இப்படிப் பாட, காந்திமதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு,

"எட்டும் எட்டும் கூட்டிப் பாரும் – ஐயா
எட்டி நின்றால் தாகம் தீரும்"

என்று வெட்டினாரே, அந்த இடத்தில் நானும் கைதட்டினேன். தட்டியது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

மெட்ராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரரும் வந்திருந்தார். ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று பாதியில் எழுந்து போனவர், நாலு வரி எழுதினார். அதில் இரண்டு வரி விழுப்புரத்துக் கொசுவைப் பற்றி. நான் அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை. 'பெண்ணைக்கரைச் செய்தி' என்று எங்கள் ஊரில் ஒரு மாதமிருமுறை இதழ் வந்துகொண்டிருந்தது. சவுரிராயன் என்பவர் நடத்தினார். முதலாளி, ஆசிரியர், அச்சுக் கோக்கிறவர் மூன்றும் அவர் ஒருவரே. அதில் ஒன்றரைப் பத்தி விமர்சனம் எழுதினேன். மைக்கையும் மந்திரியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கடைசியில் மனம் நிறைந்து இப்படி முடித்தேன்: "கண்ணையன் கம்பீரமாகப் பாடினார். காந்திமதி ஐம்பத்து நான்கு வயதிலும் குயிலாகப் பாடி அவையைக் கட்டிப்போட்டார்."

வயது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பொன்னி எப்போதோ சொன்னது. அவளிடம் வாசித்துக் காட்டியபோது முகத்தைச் சுளித்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நீங்கள் படித்தவர் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சுளிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துக் கண்ணையன் ஒரு கடிதத்தோடு பார்சல் ஆபீசுக்கு வந்தார். திண்டிவனத்தில் மல்லாட்டை மில் வைத்திருக்கும் தாண்டவராயன் எழுதியது. சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை தன் மில் களத்தில் 'கோமேதகவல்லி' போட வேண்டும் என்று அவர் முன்பே தேதி வாங்கியிருந்தார். இப்போது எங்கள் இதழைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்: நாடகம் கட்டாயம் வேண்டும், ஆனால் கதாநாயகிக்கு மட்டும் வேறு இளம் பெண்ணைப் பார்க்கவும். கண்ணையன் மறுபேச்சுப் பேசாமல் சரி என்று எழுதிப் போட்டுவிட்டாராம். பாண்டிச்சேரி மெல்லிசைக் குழுவில் பாடுகிற பெண்ணைப் பேசியாகிவிட்டது. இருபத்து மூன்று வயதாம். மில்லுக்காரர் பேச்சைத் தட்ட முடியுமா சார் என்று என்னிடமே கேட்டார்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பொன்னி சோற்றுத் தட்டை டங்கென்று வைத்தாள். "எப்டி எழுதணும்னு தெரிஞ்சா மட்டும் போதுமா? போய் அவங்க மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசிட்டு வாங்க" என்றாள். ரசம் கேட்கத் தைரியம் இல்லாமல் எழுந்து போனேன்.

காந்திமதி கத்துவார், அழுவார் என்று நினைத்திருந்தேன். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். வெட்டுகிற மேஜையின் மேல் எங்கள் இதழ் விரித்திருந்தது. தையல் சாக்கட்டியால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். 'வயதிலும்.'

"இந்த உம்மு எதுக்கு சார்?" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது சிறப்பும்மை, உயர்வு தோன்ற வருவது, பாராட்டாகத்தான் எழுதினேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு எலக்கணம் தெரியாது சார். நான் ரவிக்க தைக்கிறவ. 'இந்த ஒடம்புக்கும் ரவிக்க நல்லா அமைஞ்சிகீது'ன்னு நான் சொல்லியிருந்தா, உங்க வீட்டம்மா மறுபடி எங்கிட்ட துணி குடுப்பாங்களா?"

அவர் கத்தரிக்கோலை எடுத்து அந்த உம்மை வெட்டப் போனார். சும்மா இருந்திருக்கலாம். இருக்க விட்டதா என் புத்தி? அப்படி வெட்ட முடியாது அம்மா, 'ம்'மை எடுத்தால் 'வயதிலு' என்று நிற்கும், உகரம் லகரத்தோடு ஒட்டியிருக்கிறது, அதையும் பிரித்து மேலே புள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும்தான் கண் கலங்கியது.

அவருக்குப் பிறந்த ஊர் பெருமுக்கல். நாடகத்துக்குப் போன பெண் திண்டிவனம் பக்கம் மேடை ஏறக் கூடாது என்று அவருடைய அப்பா கட்டளை போட்டிருந்தாராம். தென்னாற்காடு முழுக்க ஆடியவர் சொந்த ஊர்க்காரர்கள் கண்ணில் படாமலே ஆடி முடித்தார். அப்பாவும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அக்கா வெள்ளையம்மாளுக்குத் தங்கை பாடி ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று ஆசை. திண்டிவனத்தில் நாடகம் என்று தெரிந்த அன்றே காந்திமதி ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"தெருவே சேர்ந்து டிராக்டர் பேசி வச்சிகீறாங்க சார். இப்ப நான் என்னான்னு சொல்லி அனுப்புவேன்? எனக்கு வயசாயிட்சின்னு விழுப்புரத்து பேப்பர்ல போட்டுட்டாங்கன்னா?"

மறுநாளே லீவு போட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். தாண்டவராயன் மோசமான மனிதர் இல்லை. மோர் வரவழைத்துக் கொடுத்தார். களத்தில் ஐம்பது அறுபது பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காந்திமதி எப்படிப் பாடினார், ஆயிரம் பேர் எப்படி மல்லாட்டை உடைக்க மறந்தார்கள் என்றெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"நான் நாடகத்த பாக்கல சார். உங்க பேப்பரத்தான் பாத்தேன். வயச படிச்சப்புறம் குயிலுன்னு நீங்க எழுதனது கண்ணுலயே படல. படிக்கிற எனக்கே அப்டின்னா, பாக்க வர்றவனுக்கு?"

அது தவறாக விழுந்த உம் என்றேன். அப்படியானால் தப்பு என்று பேப்பரிலேயே போடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வந்து சேர்ந்தேன்.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மூன்று பத்தி திருத்தம் எழுதினேன். உம்மையின் வகைகள், அவற்றுள் எது எங்கே வரும், எங்கே வரக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. சவுரிராயன் அதை ஒரு பார்வை பார்த்தார். முதல் பக்கத்தில் தீப்பெட்டி அகலத்துக்குத்தான் இடம் இருக்கிறது, மீதியெல்லாம் உரக்கடை விளம்பரம் என்றார். சண்டை போட்டேன். பலிக்கவில்லை. மூன்று பத்தியை இரண்டு வாக்கியமாக்கினேன். அதிலும் இடம் போதாமல், கோக்கும்போது அவரே ஒரு சொல்லை விட்டுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை இதழ் வந்தது. கொட்டை எழுத்தில் இருந்தது இது:

"காந்திமதி அம்மையாருக்கு: கோமேதகவல்லி நாடகத்தில் வந்த உம்மை நீக்கிவிட்டோம். வருந்துகிறோம்."

நான் எழுதியது 'நாடக விமர்சனத்தில் வந்த உம்மை.' அவர் விட்டது 'விமர்சனம்.' ஒரு சொல்தானே என்றார் பிறகு. அந்த ஒரு சொல் போனதும் உம் என்கிற எழுத்து போய், உம் என்கிற ஆள் வந்துவிட்டது. 'உம்மை' என்றால் 'தங்களை' என்று அர்த்தம் செய்துகொள்ள எங்கள் ஜில்லாவில் எவருக்கும் சிரமம் இல்லை. கூத்திலும் நாடகத்திலும் ராஜா மந்திரியிடம் அப்படித்தானே பேசுகிறார்! சவுரிராயனோ தினமும் காலையில் மாதா கோயிலில் முட்டி போட்டு 'ஆண்டவரே, உம்மை' என்று ஆரம்பிக்கிற மனிதர். அவருக்கே தோன்றவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

சனிக்கிழமை சாயங்காலமே விழுப்புரத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஒரு பெண்பிள்ளையை நீக்குவார்களா, வருந்துகிறோமாமே, வருந்துகிறவன் எதற்காக நீக்குகிறான் என்று டீக்கடையில் கேட்டார்கள். பச்சைக் கொடி பாயின்ட்ஸ்மேன் பார்சல் ஆபீசுக்கே வந்து, நியாயமா சார் இது என்று என் முகத்துக்கு நேரே நின்றார். நான் இலக்கணம் சொன்னேன். சரி சார், அதெல்லாம் இருக்கட்டும், அவங்கள ஏன் நீக்கினாங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த இதழ் மயிலம் பஸ்ஸில் ஏறித் திண்டிவனத்துக்கும், அங்கிருந்து பெருமுக்கல்லுக்கும் போய்ச் சேர்ந்தது.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன். தாண்டவராயன் பேசினார். குரலே மாறியிருந்தது.

"சார், நான் எப்ப சார் பேப்பர்ல போட்டு நீக்கினேன்? பெருமுக்கல்லு தெருவே டிராக்டர்ல வந்து கேட்டாண்ட நின்னுக்கினு கீது. மல்லாட்ட பொறுக்கிறவங்களும் அவங்க பக்கம் சேர்ந்துக்கினு மொறத்த கீழ வச்சிட்டாங்க. ரொம்ப பேஜாரா பூட்ச்சி சார். ஜல்தியா வந்து நீங்களே சொல்லுங்க."

போனேன். நாடகத்துக்கு வர வேண்டிய டிராக்டர் மூன்று வாரம் முன்கூட்டியே வந்து மில் வாசலில் நின்றது. அதில் நடுநாயகமாக வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. இறங்கினால்தான் சமாதானம் பேச வேண்டிவருமே. மூக்குத்தி மின்ன, தாண்டவராயனைப் பார்த்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: எங்கள் வீட்டுப் பெண் பாட வேண்டாம் என்றால் ஆளனுப்பிச் சொல்லக் கூடாதா, பேப்பரில் போட்டு ஊர் சிரிக்க வைக்க வேண்டுமா?

நான் ஒரு மல்லாட்டை மூட்டையின் மேல் ஏறி நின்று உண்மையைச் சொன்னேன். அந்த உம்மை இந்த உம்மை இல்லை, அது ஓர் இடைச்சொல், தனியாக நிற்காது, இன்னொரு சொல்லோடு சேர்ந்துதான் வரும் என்று விளக்கினேன். களத்துப் பெண்களில் ஒருத்தி, அவங்களும் தனியா நிக்கல சார், நாங்க சேர்ந்துதான் நின்னுக்கினு கீறோம் என்றாள். ஒரே சிரிப்பு. மூட்டை சரிந்து நான் கீழே வந்தேன்.

அந்தச் சிரிப்பில்தான் தாண்டவராயனுக்குச் சூடு தணிந்தது. என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். "பேப்பர்ல போட்டது பொய்யின்னு இவங்ககிட்ட எப்டி சார் சொல்றது? நான் நீக்கினது நெசந்தான. லெட்டர்ல நீக்கினேன், அவ்ளோதான். நீங்க தப்பா போட்டது சரியா பூட்ச்சி" என்றார். பிறகு வாசலுக்குப் போய், கோமேதகவல்லி காந்திமதி அம்மாதான் என்று டிராக்டரைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார். பாண்டிச்சேரிப் பெண்ணுக்குத் தோழி வேஷம் கொடுக்கச் சொல்லிக் கண்ணையனுக்கு அன்றைக்கே ஆள் போயிற்று. முறங்களும் எழுந்தன.

நான் நிம்மதியாகக் காந்திமதியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ரொம்ப சந்தோஷம் சார் என்றார். ஆனாலும் முகம் தெளியவில்லை. பெருமுக்கல்காரர்கள் சண்டை பிடித்து வாங்கிக் கொடுத்த வேஷம் அது. பார்க்க வருகிற அத்தனை பேரும் வயதைப் படித்துவிட்டு வருகிறார்கள். மேடையில் நிற்கிறபோது ஒவ்வொருத்தன் கண்ணும் அந்த உம்மைத்தான் தேடும். நாளைக்குப் பாட்டு கொஞ்சம் பிசகினாலும் வயசு என்பார்கள், நன்றாக அமைந்தாலும் இந்த வயசிலும் என்பார்கள். இதை அவர் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது. புரிந்து என்ன செய்ய, அதைத் திருத்த அச்செழுத்து எதுவும் என்னிடம் இல்லை.

சித்திரை முதல் ஞாயிறு. சாயங்காலம் ஐந்து மணிக்கே நாடகம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள், கடைசி பஸ்ஸுக்கு ஜனங்கள் வீடு திரும்ப வேண்டுமே. மூன்று மணிக்கே மில் களம் நிரம்பிவிட்டது. மயிலத்திலிருந்து கல்லூரிப் பையன்கள் வந்திருந்தார்கள். விழுப்புரத்து ரயில்வேக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள், பச்சைக் கொடியும் கூடவே வந்தது. சவுரிராயன் தன் மனைவியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மேலே பார்த்தார். பெருமுக்கல் டிராக்டரை ஓரமாக நிறுத்தி, ட்ரெய்லரிலேயே ஜமுக்காளம் விரித்து வெள்ளையம்மாள் இருந்தார். பொன்னி என்னைக் கேட்காமலே போய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பாட்டுக்கு இரண்டு ஒன்ஸ்மோர். திண்டிவனத்து ஜனங்கள் விழுப்புரத்துக்காரர்களைவிடக் கொஞ்சம் பிகு பண்ணுவார்கள், ஆனாலும் இரண்டு. மந்திரி இந்தத் தடவை வசனம் மறக்கவில்லை. எழுதி உள்ளங்கையில் வைத்திருந்தார். தோழியாக வந்த பாண்டிச்சேரிப் பெண் அருமையாகச் சிரித்தாள், அவளுக்கும் கைதட்டல். காந்திமதி பிசகில்லாமல் பாடினார். ஆனால் விழுப்புரத்தில் பாடிய காந்திமதி இது இல்லை. ஜாக்கிரதையாகப் பாடுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு தர்க்கம் வந்தது. கண்ணையன் மீசையை முறுக்கிக்கொண்டு, கிளிக்கூண்டை ஆட்டிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்து அந்தக் கேள்வியைப் பாடினார்.

"தண்ணீர்ப் பந்தல் காக்கும் மானே – நீ
தாண்டிய ஆண்டுகள் எத்தனை மானே?"

களத்தில் ஒரு முனகல் எழுந்தது. வயது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காந்திமதி பதிலை எடுக்கவில்லை. ஆர்மோனியக்காரர் ஒரு சுற்று வாசித்துப் பார்த்தார். இன்னொரு சுற்று வாசித்தார். மறந்துவிட்டாரோ என்று நான் பயந்து பாதி எழுந்துவிட்டேன். காந்திமதி ட்ரெய்லர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்தார். விழுப்புரத்துக் குரல் வந்தது.

"ஐம்பதும் நாலும் கூட்டிப் பாரும் – ஐயா
அத்தனை ஆண்டும் பாட்டே பாரும்!"

மல்லாட்டைகூட உடையவில்லை. அப்புறம் மல்லாட்டை பொறுக்குகிற பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது. அது களம் முழுக்கச் சுற்றி வருவதற்குள் காந்திமதி சும்மா இருக்கவில்லை. தர்க்கத்தில் கேள்வி கேட்க அவருக்கும் உரிமை உண்டே. கிளிக்காரனைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, அவன் தலைப்பாகையிலிருந்து செருப்பு வரைக்கும் அளவெடுக்கிற மாதிரி பார்த்துக் கேட்டார்.

"என் வயசைக் கேட்ட ராசா – உங்க
ஏட்டிலே எத்தனை எழுதிருக்கு ராசா?"

கண்ணையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மையும் அரிதாரமும் போட்டு முப்பது வயது இளவரசனாக நின்றவருக்கு நெற்றியில் வேர்த்து ஊற்றியது. இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும் எந்தப் பெண்ணும் அவரை இந்தக் கேள்வி கேட்டதில்லை. எந்தப் பத்திரிகையும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. 'கண்ணையன் கம்பீரமாகப் பாடினார்' என்று நானே எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயருக்குப் பின்னால் நான் வயதும் போடவில்லை, உம்மும் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. இலக்கணமா படித்தாய் நீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மேடையில் ஆர்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. சொல்லு, சொல்லு என்று பின்வரிசையில் ஆரம்பித்தார்கள். பாயின்ட்ஸ்மேன் கொடியை எடுத்துவிட்டார். கண்ணையன் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். என்ன இருந்தாலும் அவர் நல்ல நடிகர். கிளிக்கூண்டைக் கீழே வைத்தார், ஒட்டு மீசையைப் பிய்த்துக் கூண்டின் மேல் வைத்தார், பொக்கையாய்ச் சிரித்துக்கொண்டு மெட்டு தவறாமல் பாடினார்.

"அறுபதும் ரெண்டும் ஆச்சு மானே – கொஞ்சம்
ஆறின தண்ணி ஊத்து மானே!"

களம் இடிந்து விழாத குறை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். சவுரிராயன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அந்த வயதுக் கேள்வி பதிலை நாலு தடவை பாட வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் காந்திமதி 'ஐம்பதும் நாலும்' என்பதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாடினார். நாலாவது தடவை அந்த உம்மில் ஒரு சங்கதி போட்டார் பாருங்கள், அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

நாடகத்தை நடுவில் நிறுத்திச் சால்வை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தாண்டவராயன் சால்வையோடு மேடைக்கு வந்தார். காந்திமதிக்குப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார். அடுத்த சித்திரைக்கும் இதே களத்தில் இதே நாடகம், இவங்கதான் கோமேதகவல்லி என்று மட்டும் சொல்லி முடித்தார்.

காந்திமதி மைக்கை வாங்கினார். "ரொம்ப சந்தோசங்க. ஆனா அடுத்த வருசம் எனக்கு அம்பத்தஞ்சு. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் பேப்பர்ல படிச்சிட்டு பயப்படக் கூடாது" என்றார்.

ஜனங்கள் சிரித்து ஓய்வதற்குள் டிராக்டரிலிருந்து வெள்ளையம்மாள் எழுந்து நின்றார். "எனக்கு அறுவத்தி மூணுடி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நானே இன்னும் பத்து வருசம் வந்து கேப்பேன். நீ பாடு."

அவ்வளவுதான். பக்கத்திலிருந்த ஒரு கிழவர் துண்டை உதறிக்கொண்டு எழுபத்தொண்ணு என்றார். மல்லாட்டைப் பெண்கள் பக்கத்திலிருந்து நாப்பது, நாப்பத்தாறு, அம்பது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. மயிலத்துப் பையன்கள் எழுந்து நின்று பத்தொன்பது என்று கத்தினார்கள். தாண்டவராயன் மைக்கிலேயே அம்பத்தெட்டு என்றார். ட்ரெய்லரில் பொன்னி எழுந்து நின்று கைகளை வாயருகே குவித்துக்கொண்டு தன் வயதைச் சொன்னாள். பொம்பளைகள் வயதைச் சொல்ல மாட்டார்கள் என்று எவன் சொன்னது? மேடையில் காந்திமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சால்வை நழுவியது, எடுத்துப் போர்த்திக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் நாற்காலியின் மேல் ஏறினேன். நாற்பத்தொன்பது என்று என்னால் முடிந்த மட்டும் உரக்கக் கத்தினேன்.